மூன்றாவது புகைப்படம்

1

நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஜிம்மின் வரவேற்பறைச் சுவரில் என் படம் இன்னும் தொங்குகிறது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு படங்கள், நடுவில் ஒரு மஞ்சள் கோடு. இடது பக்கம் 'முன்': 81 கிலோ, தொளதொளவென்று ஒரு கறுப்பு டி-ஷர்ட், உம்மென்ற முகம். சிரிக்க வேண்டாம் என்று சொன்னது படம் எடுத்த பையன்தான். வலது பக்கம் 'பின்': 64 கிலோ, இடுப்பில் கை, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. கீழே 'ஏழே மாதத்தில் 17 கிலோ' என்று எழுதியிருக்கும். 2016 ஜனவரியில் எடுத்த படம். இன்றைக்கு என் எடை 83. அந்தத் தெருவில் ஒரு நல்ல ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நான் அந்தக் கடைக்குப் போவதில்லை.

என் எடையைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் போகிறேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் பேசவேண்டியது அந்தச் சட்டத்தைப் பற்றி. அது ஒரு கதைவடிவம். அதற்கு ஆரம்பமும் முடிவும் இருக்கின்றன. நாயகி இருக்கிறாள், ஒரு குரு இருக்கிறார், வில்லனும் உண்டு: நாயகியின் சோம்பேறித்தனம். இடையில் என்ன நடந்தது என்பதை அந்த மஞ்சள் கோடே சொல்லிவிடுகிறது. பார்ப்பவர் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்வார்: 'மனசு வச்சா, முடிச்சா.' ஒரு சிறுகதை இவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தால் நாம் இரண்டாம் பத்தியிலேயே மூடி வைத்துவிடுவோம். இதையோ இருபது வருடமாக டிவியிலும் சினிமாவிலும் ஃபோனிலும் பார்த்து நம்பிக்கொண்டிருக்கிறோம். நானும் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அதில் நடித்தேன் என்பது சரி.

2

அந்த வடிவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க ரியாலிட்டி ஷோ. என்பிசி தொலைக்காட்சியில் 2004 இல் ஆரம்பித்தது. நம் ஊரில் 2007 இல் சுனில் ஷெட்டியை வைத்து இந்தியில் ஒரு வடிவம்கூட வந்தது. நான் அமெரிக்க மூலத்தைப் பார்த்தது கல்லூரி விடுதியில், ரூம்மேட்டின் லேப்டாப்பில், 2010 வாக்கில். அது எட்டாவது சீசன். நான்கு பெண்கள் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பரோட்டா பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எடை குறைப்பதைப் பார்த்தோம். இதில் இருக்கிற வேடிக்கை அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் அது விறுவிறுப்பாகவே செய்யப்பட்ட நிகழ்ச்சி. பெரிய உடம்புடைய மனிதர்களை வீட்டிலிருந்து பிரித்து ஒரு பண்ணை வீட்டில் அடைப்பார்கள். நாள் முழுக்க உடற்பயிற்சி. ஜிலியன் மைக்கேல்ஸ் என்ற பயிற்சியாளர் முகத்துக்கு நேராகக் கத்துவார். அவர்கள் அழுவார்கள், சிலர் வாந்தி எடுப்பார்கள். வாரக் கடைசியில் எல்லோர் முன்னாலும் பிரம்மாண்டமான எடைமேடையில் ஏறவேண்டும், ஆண்கள் சட்டை இல்லாமல். எண்கள் மேலும் கீழும் ஓடி நிற்கும்வரை இசை அதிரும். யார் போதுமான அளவு குறையவில்லையோ அவர் வெளியே போகும் ஆபத்தில் இருப்பார். நடுநடுவே 'சபல' சுற்றுகள்: அறை முழுக்க டோனட்டும் பீட்சாவும் பரப்பிவைத்து ஆட்களை உள்ளே அனுப்புவார்கள்.

எடிட்டிங்கைக் கவனித்தால் ஒன்று தெரியும். நிகழ்ச்சியில் வரும் எல்லாத் துன்பத்துக்கும் அழுகையே காரணமாகக் காட்டப்படும். எடை நின்றுபோன வாரம் என்றால், உடனே அந்த நபரை உட்காரவைத்துச் சிறுவயதில் அப்பா விட்டுப்போனதைச் சொல்லவைப்பார்கள். மனசு திறந்தது, அடுத்த வாரம் ஐந்து கிலோ குறைந்தது. உடம்புக்கு என்று தனியாக ஒரு நியாயம் இருக்கலாம் என்ற எண்ணமே அந்தக் கதைக்குள் கிடையாது. உடம்பு என்பது மனதின் வெளிப்புறப் படம், அவ்வளவே. 2009 டிசம்பரில் எட்டாவது சீசன் முடிந்தபோது டேனி கேஹில் என்பவர் ஜெயித்தார். 195 கிலோவில் இருந்தவர் ஏழு மாதத்தில் 87 கிலோ. மேலே இருந்து வண்ணக் காகிதங்கள் கொட்டின. நாங்கள் நான்கு பேரும் அழுதோம்.

எந்தக் கதைக்கும் ஒரு இடத்தில் முடிவு வேண்டும்தான். எங்கே முடிப்பது என்பது எழுதுகிறவனின் உரிமை, அதே நேரம் அவனுடைய அறமும் அதில்தான் தெரியும். இந்தக் கதை எப்போதும் உடம்பு மிக இலேசாக இருக்கும் நாளில் முடிகிறது.

3

அந்தச் சீசன் முடிந்தபிறகும் கதையைத் தொடர்ந்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். கெவின் ஹால் என்ற விஞ்ஞானி, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எட்டாவது சீசனில் போட்டியிட்ட 16 பேரில் 14 பேரை அவரது குழு ஆறு வருடம் கழித்து மறுபடி ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டு அளந்தது. முடிவுகள் 2016 மே மாதம் வெளியாயின. என் 'பின்' படம் சுவரில் ஏறி நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அந்த ஆய்வு இருப்பதே தெரியாது. 2018 இல்தான் படித்தேன், 76 கிலோவைக் கடந்துகொண்டிருந்தபோது.

அதில் என்ன அளந்தார்கள் என்று சொல்ல, மெட்டபாலிசம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரிக்கவேண்டும். வளர்சிதை மாற்றம் என்று பாடப்புத்தகத்தில் படித்து மறந்திருப்போம். நாம் அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய, சிறுநீரகம் வடிகட்ட, உடம்புச் சூடு நிலைக்க ஆற்றல் செலவாகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளின் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இந்த ஓய்வுச் செலவுதான். சாப்பிட்டதைச் செரிக்கவே பத்து சதவீதம் போல ஆகும். மிச்சம்தான் நடப்பது, ஓடுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம். உடம்பு பெரியதாக இருந்தால் ஓய்வுச் செலவும் அதிகம். எடை குறைந்தால் செலவும் குறையும். இதுவரை ஆச்சரியம் ஒன்றுமில்லை, சின்ன வீட்டுக்குக் குடிபோனால் கரண்ட் பில் குறைவதுபோல.

அந்த 14 பேர் போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைந்திருந்தார்கள். ஆறு வருடத்தில் அதில் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. ஒரே ஒருவரைத் தவிர எல்லோருக்கும் எடை கூடியிருந்தது. அவர்களின் ஓய்வுச் செலவு போட்டிக்கு முன் நாளுக்குச் சுமார் 2,600 கலோரி. போட்டி முடிந்த அன்று சுமார் 2,000. ஆறு வருடம் கழித்து, உடம்பு ஏறக்குறைய பழைய அளவுக்குப் பெருத்தபிறகும், சுமார் 1,900. அதாவது பெரிய வீட்டுக்குத் திரும்பி வந்தாயிற்று, கரண்ட் பில் மட்டும் சின்ன வீட்டுடையது. அந்த எடையும் வயதும் உள்ள ஒருவரிடம் எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவு. நமக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. டேனி கேஹிலுக்கு இன்னும் மோசம், 800 கலோரி. 2016 இல் அவர் எடை 134 கிலோ. நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து அழுத அந்த மனிதர், தன் அளவுள்ள இன்னொருவர் சாப்பிடுவதையே சாப்பிட்டாலும் பருப்பார்.

பசியை அடக்கச் சொல்லி மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்டின் என்ற ஹார்மோனையும் அளந்தார்கள். கொழுப்புத் திசுவிலிருந்து சுரப்பது. போட்டி முடிவில் அது இருந்த இடம் தெரியாமல் குறைந்திருந்தது. ஆறு வருடம் கழித்தும் பழைய அளவுக்கு வரவில்லை.

இதைப் படித்து முடித்த இரவு நான் செய்த முதல் காரியம், தம்பிக்கு ஃபோன் போட்டு, "பாத்தியாடா, என் மேல தப்பில்ல" என்று சொன்னது. அவன் தூக்கக் கலக்கத்தில் "யாருக்கா உன்மேல தப்புன்னு சொன்னா?" என்றான். அவன் கேட்டது சரிதான். அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

4

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு சந்தோஷமான கட்டுரையாக முடிந்திருக்கும். பத்திரிகைகள் அப்படித்தான் முடித்தன. 'மெட்டபாலிசம் உடைந்துவிட்டது, அதனால்தான் எடை திரும்புகிறது' என்று 2016 இல் உலகம் முழுக்கத் தலைப்பு போட்டார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். இதுவும் ஒரு கதைதான், வில்லன் மட்டும் மாறியிருக்கிறான். முன்பு என் சோம்பேறித்தனம், இப்போது என் தைராய்டு, என் ஜீன், என் முப்பது வயது.

ஆனால் அதே ஆய்வில் இந்தத் தலைப்புக்கு ஒத்துவராத ஒரு வரி இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு யார் எடையை அதிகம் திரும்ப ஏற்றிக்கொள்ளாமல் காப்பாற்றினார்களோ, அவர்களுக்குத்தான் மெட்டபாலிசம் அதிகமாக மந்தமாகியிருந்தது. உடைந்ததால் எடை ஏறியது என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்? அடுத்த வருடம் அதே 14 பேரைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வு, எடையைக் காப்பாற்றியவர்கள் பழைய வாழ்க்கையைவிட 160 சதவீதம் கூடுதலாக உடலை இயக்கிக்கொண்டிருந்ததைக் காட்டியது. ஏற்றிக்கொண்டவர்கள் கூடுதலாக இயங்கியது 34 சதவீதம். உடம்பு அவர்களை முழுநேரமும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்க, அவர்கள் அந்தக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் இறுக்கம்தான் அந்த 500 கலோரி. விட்டவர்களுக்குக் கயிறு தளர்ந்தது.

இன்னொரு ஆய்வும் என்னைச் சும்மா விடவில்லை. 1992 இல் நியூயார்க்கில், 'நான் 1,200 கலோரிக்கு மேல் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் குறையவில்லை' என்று சொன்ன பத்துப் பேரை அளந்தார்கள். அவர்கள் மெட்டபாலிசத்தில் கோளாறே இல்லை. தாங்கள் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியைக் கணக்கிலிருந்து விட்டிருந்தார்கள். செய்த உடற்பயிற்சியைப் பாதிக்குப் பாதி கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் ஏழு மாதம் ஒரு நோட்டில் எழுதினேன். இட்லி 3, சாம்பார் 1 கப். குழம்புக்கு உப்புப் பார்க்க அகப்பையில் அள்ளி உள்ளங்கையில் விட்டு நக்கியது, அக்கா மகன் மிச்சம் வைத்த அரை தோசை, ஆஃபீஸில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக்கின் ஓரம், இதெல்லாம் நோட்டில் இல்லை. எழுதக்கூடாது என்று நினைத்து விட்டதில்லை. அவை சாப்பாடு என்றே மனசில் பதியவில்லை. தன்வரலாறு எழுதுகிற எல்லோருக்கும் இந்தப் பிரச்சினை தெரிந்திருக்கும்.

முப்பது வயது சாக்கும் போயிற்று. 2021 இல் ஹெர்மன் பான்ட்ஸரும் பலரும் சேர்ந்து, 29 நாடுகளில் பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுக் கிழவர் வரை 6,400க்கு மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் திரட்டி வெளியிட்டார்கள். உடல் அளவைக் கழித்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை ஆற்றல் செலவு நேர்கோடு மாதிரி மாறாமல் போகிறது. அறுபதுக்குப் பிறகே மெல்ல இறங்குகிறது. "முப்பதத் தாண்டுனா அப்படித்தான்" என்று எனக்குச் சொன்ன அத்தனை அத்தைகளும் அன்பினால் சொன்னார்கள். உண்மையில்லை.

5

அப்படியென்றால் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லையா? என் வீட்டிலேயே பதில் இருக்கிறது.

எனக்கும் தம்பிக்கும் இரண்டு வயது வித்தியாசம். ஒரே பானைச் சோறு. அவன் என்னைவிட ஒரு கரண்டி கூடவே சாப்பிடுவான், இன்றைக்கும் 58 கிலோ. "நீ பச்சத்தண்ணி குடிச்சாலும் ஒடம்புல ஒட்டுதுடி. அவன் திங்கறது எங்கதான் போகுதோ" என்பாள் அம்மா. இதை அவள் ஒரு புகார் மாதிரிச் சொல்வாள், யார் மேல் புகார் என்று தெரியாது.

1990 இல் கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் க்ளோட் பூஷார் என்ற ஆய்வாளர் அம்மாவின் கேள்வியையே கேட்டார். உருவொத்த இரட்டையர் பன்னிரண்டு ஜோடி, எல்லாம் இளைஞர்கள். நூறு நாளில் 84 நாள், தேவைக்கு மேல் நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாக ஊட்டினார்கள். கணக்குப்படி எல்லோருக்கும் ஒரே அளவு ஏறியிருக்கவேண்டும். ஏறியது 4.3 கிலோவிலிருந்து 13.3 கிலோ வரை! ஆனால் ஒரு ஜோடிக்குள் இரட்டையர் இருவருக்கும் ஏறியது பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒன்று. எங்கே கொழுப்பு சேர்ந்தது என்பதில்கூட ஒற்றுமை. அதே சோறு, அதே நாட்கள். வித்தியாசம் பிறக்கும்போதே கொண்டுவந்தது.

அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு 1999 இல் ஜேம்ஸ் லெவினும் அவர் சகாக்களும் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். 16 பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 1,000 கலோரி கூடுதல். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு வெறும் 360 கிராம், இன்னொருவருக்கு 4.2 கிலோ. ஏறாதவர்கள் யாரும் ரகசியமாக ஜிம்முக்குப் போகவில்லை. சாப்பாடு கூடியதும் அவர்கள் உடம்பு தானாகவே அதிகம் அசைய ஆரம்பித்திருந்தது: எழுந்து நிற்பது, நடப்பது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது, விரல் தட்டுவது. அவர்களே அறியாத அசைவுகள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி சாப்பிட உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "காலாட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஒரு நிமிஷம் நிற்கும், மறுபடி ஆடும். ஃபோன் வந்தால் மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேதான் பேசுவான். நான் எங்கே உட்கார்ந்தேனோ அங்கேயே மூன்று மணி நேரம் புத்தகம் படிப்பேன். 'எவ்வளவு அடக்கமான பொண்ணு' என்று உறவில் எனக்குப் பெயர். நான் பாராட்டு வாங்கியதும் அவன் அடி வாங்கியதும் ஒரே காரியத்துக்காக என்று இப்போது தோன்றுகிறது.

6

செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வரவு இன்னும் பெரிய விஷயம். கெவின் ஹாலின் வேறொரு கணக்கின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் ஆற்றல் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 100 கலோரி கூடுகிறது. அதாவது 17 கிலோ குறைந்த என்னிடம் என் உடம்பு தினமும் 1,700 கலோரி கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

அது எப்படிப்பட்ட பசி என்பதற்கு நான் படித்ததிலேயே உக்கிரமான சாட்சி ஒரு விஞ்ஞான நூல்தான். இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு பரிசோதனை தொடங்கினார். போர்முனைக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள, இவர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார்கள். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மாக்கரோனி. இன்றைக்கு எந்த ஜிம் டயட் சார்ட்டும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். என்னுடையது 1,200.

ஓய்வுச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. குளிரில் நடுங்கினார்கள். மாடிப்படி ஏற முடியவில்லை. அதைவிட அவர்களின் மனதுக்கு நடந்ததுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தண்ணீர் கலந்து மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள், நாம் நாவல் படிப்பதுபோல அவற்றைப் படித்தார்கள். பட்டினி முடிந்து இஷ்டம்போல் சாப்பிட விட்டபோது வயிறு முட்டியபிறகும் பசித்தது. குறைந்த கொழுப்பு முழுதும் திரும்பி, பழைய அளவையும் தாண்டிப் போயிற்று. இவர்கள் ஒல்லியான, கொள்கைக்காகச் சிறைக்கும் அஞ்சாத ஆட்கள். மனவுறுதி இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

2016 இல் நான் இரவு ஒரு மணிக்கு யூடியூபில் ஆம்பூர் பிரியாணி செய்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். வரிசையாக, ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஏதோ கேவலமான பழக்கம் என்று ஹெட்ஃபோன் போட்டு ஒளித்துப் பார்ப்பேன். அந்த 36 பேரைப் படித்தபோது, எழுபது வருடத்துக்கு முன்னாலேயே யாரோ என் அறையை எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

நம் மொழியில் இந்தப் பசிக்கு ஒரு பெயர் உண்டு. மணிமேகலையில் காயசண்டிகை என்ற விஞ்சைப் பெண் வருகிறாள். முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்ண வைத்திருந்த நாவற்கனியை மிதித்துவிடுகிறாள். சாபம்: யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி, பன்னிரண்டு ஆண்டுக்கு. சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி என்று ஏசுவதில்லை. அதை நோய் என்றே சொல்கிறார். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவில் அது தீர்கிறது. பசித்தவளிடம் 'மனசை அடக்கு' என்று அந்தக் காப்பியத்தில் யாரும் அவளுக்கு உபதேசம் செய்வதில்லை. பிக்கஸ்ட் லூசரின் சபலச் சுற்றை எழுதியவர்களுக்கும் சாத்தனாருக்கும் உள்ள தூரம் இதுதான்.

இன்று ஊசி வந்துவிட்டது. 2025 இல் மவுன்ஜாரோவும் வெகோவியும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. போட்டுக்கொண்ட பலரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: தலைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டுச் சத்தம் நின்றுவிட்டது என்று. வாரம் ஒரு ஊசியில் நிற்கிற சத்தம் ஒழுக்கக்கேடாக இருந்திருக்க முடியுமா? ஆனால் வெகோவியில் உள்ள மருந்தை நிறுத்திய பிறகு தொடர்ந்து கவனித்ததில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியிருந்தது. விளம்பரங்களில் இதற்கும் இரண்டு படம்தான் போடுகிறார்கள்.

7

நம் சினிமா இந்த வடிவத்தை எதிர்க்க ஒரு முயற்சி செய்தது. 2015 நவம்பரில் வந்த 'இஞ்சி இடுப்பழகி'. பிரகாஷ் கோவேலமுடி தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தது. நான் அப்போது ஜிம்மில் ஐந்தாவது மாதம். இடைவேளையில் பாப்கார்ன் வாங்காமல் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். கல்யாணச் சந்தையில் மகளைத் தள்ளிவிடத் துடிக்கும் அம்மாவாக ஊர்வசி வரும் காட்சிகளில் தியேட்டரே சிரித்தது, எனக்குத் தொண்டை அடைத்தது. 'சைஸ் ஜீரோ' என்று கடை விரித்து ஊரை ஏமாற்றும் பிரகாஷ்ராஜை வில்லனாக வைத்ததும் துணிச்சல்தான். குறுக்குவழியில் மெலியப்போன தோழியின் சிறுநீரகம் பழுதாகிறது. நாயகி ஸ்வீட்டி எதிர்த்துக் கிளம்புகிறாள்.

ஆனால் படம் கேட்கும் கேள்வி, நேர்மையான வழியா குறுக்குவழியா என்பதோடு நின்றுவிடுகிறது. நேர்வழியில் போனால் உடம்பு நமக்குக் கட்டுப்படும் என்ற நம்பிக்கையை அது தொடவே இல்லை. இல்லாவிட்டால், உன்னை நீயே ஏற்றுக்கொள். இந்த இரண்டுக்கும் நடுவில், தானாக ஒரு கணக்கு வைத்திருக்கும் உடம்பு என்ற பாத்திரம் கதையில் இல்லை. ஸ்வீட்டி குண்டாக இருப்பது ஸ்வீட் சாப்பிடுவதால், பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது. படம் சொல்லாத கதை படத்துக்கு வெளியே நடந்தது. அந்த வேடத்துக்காக அனுஷ்கா சுமார் 20 கிலோ ஏற்றிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அதைக் குறைப்பது அவ்வளவு எளிதாக இல்லை என்பதும் செய்தியானது. அதற்குப் பின் எத்தனையோ வருடம், ஒவ்வொரு விழாப் படத்திலும் அவர் இடுப்பை அளந்து கமெண்ட் போட்டது வேறு யாருமில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டிய நாம்தான்.

எனக்கு வேண்டியது ஒரு மூன்றாவது புகைப்படம். கெவின் ஹாலின் ஆய்வை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்: எல்லோரும் கேமராவை மூடிவிட்டுப் போனபிறகு, ஆறு வருடம் கழித்துத் திரும்பிவந்து எடுத்த படம். அதில் தோற்றவர்களும் இல்லை, ஜெயித்தவர்களும் இல்லை. ஒரே கயிற்றின் வெவ்வேறு இடங்களில் நிற்கும் 14 பேர் இருக்கிறார்கள். சிலரின் கயிறு பிறப்பிலேயே இறுக்கம், சிலருக்குத் தளர்வு. சிலர் தினமும் ஒன்றரை மணி நேரம் நடந்து அதைப் பிடித்திருக்கிறார்கள், சிலருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் வாழ்க்கையில் கிடைக்கவில்லை. உடற்பயிற்சி வீண் என்று நான் சொல்லவரவில்லை. இப்போதும் காலையில் நடக்கிறேன், சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறது. எடைமேடையில் ஏறுவது மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

போன மாதம் ஜிம்மிலிருந்து வாட்ஸப் வந்தது. அன்றைக்குப் படம் எடுத்த அதே பையன், இப்போது மேனேஜர். "அக்கா, புது பிராஞ்ச் தொறக்குறோம். உங்க போட்டோவ அங்கயும் போட்டுக்கலாமா?" நான் நன்றாக வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நின்று, தம்பியை விட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். 83 கிலோ என்று கீழே எழுதி, "மூணையும் சேத்துப் போடுறதுன்னா போட்டுக்கோங்க" என்றேன். இரண்டு நீல டிக். அன்றைக்குப் பதில் இல்லை.

மறுநாள் இரவு வந்தது. "ஓனர் வேணாம்னுட்டாருக்கா. தப்பா நெனைக்காதீங்க." கொஞ்சம் கழித்து இன்னொன்று: "ஒண்ணு கேக்கலாமா? எனக்கும் கல்யாணத்துக்கு அப்புறம் 14 கிலோ ஏறிடுச்சு. இங்க யார்கிட்டயும் கேக்க முடியல. இது ஏன்க்கா திரும்பி வருது?"

அவனுக்குப் பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். வாட்ஸப்பில் அடங்கவில்லை.